படிக்காமல் போடும் மதிப்பெண்

2020ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள், 'பயோஆர்க்சிவ்' என்னும் இணையக் களஞ்சியத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை ஏற்றப்பட்டது. எழுதியோர் தில்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள். ஊகான் நகரில் அப்போதுதான் தலைகாட்டியிருந்த புதிய தீநுண்மியின் முள்புரதத்தில் நான்கு செருகல்கள் உள்ளன என்றும், அவை எச்.ஐ.வி. தீநுண்மியின் புரதத் துண்டுகளை ஒத்துள்ளன என்றும், இவ்வொற்றுமை தற்செயலாய் வாய்த்திருத்தல் அரிது என்றும் அக்கட்டுரை கூறிற்று. ஒப்பாய்வு எதுவும் நடைபெறாத முன்பதிப்பு அது. சில மணி நேரத்தில் ட்விட்டர் முழுதும் அதுவே பேச்சாயிற்று. நோயை யாரோ ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள் என்று நம்ப விரும்பியோர் அதைச் சான்றாக ஏந்தி வலம்வந்தனர். தீநுண்மியியல் அறிஞர்களோ, அத்துண்டுகள் மிகக் குறுகியவை, அத்தகைய ஒற்றுமையைத் தேடினால் எண்ணற்ற உயிரிகளிற் காணலாம், வௌவாலிடம் கண்டறிந்த தீநுண்மி ஒன்றிலும் அவற்றுட் சில உள்ளன என்று வரிவரியாக எடுத்துக்காட்டினர். பிப்ரவரி 2ஆம் நாளுக்குள் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

இங்கே நிகழ்ந்தவை இரண்டு. பிழையான ஆய்வொன்று காட்டுத்தீயாய்ப் பரவியது. அப்பிழையை அறிஞர் பலர் கூடி, ஒளிவுமறைவின்றி, மூன்றே நாளில் வெளிப்படுத்தினர். முன்னது வருந்தத்தக்கது, பின்னது போற்றத்தக்கது. தட்டம்மைத் தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு முடிச்சிட்டு, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட வேக்ஃபீல்டு என்பவரின் கட்டுரையை 1998இல் வெளியிட்ட 'லான்செட்' இதழ் அதனைத் திரும்பப் பெற 2010 வரை காத்திருந்தது என்பதை நினைந்தால், மூன்று நாளின் அருமை விளங்கும். ஆனால் எண்ணும் பொறிக்கு இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றே. நம்பிப் பகிர்ந்தவனும் ஒன்று, நகைத்துப் பகிர்ந்தவனும் ஒன்று, மறுத்துப் பத்துப் பதிவு எழுதிய பேராசிரியரும் ஒன்று. எல்லாம் சேர்ந்து அக்கட்டுரைக்கு, அன்றுவரை வெளியான முன்பதிப்புகளுள் மிகுதியாகப் பேசப்பட்டவற்றுள் ஒன்று என்னும் பெருமையைத் தேடித் தந்தன.

அப்பொறியின் பெயர் ஆல்ட்மெட்ரிக்ஸ். மாற்று அளவைகள் என நாம் சொல்லிக்கொள்ளலாம். ஓர் ஆய்வுக் கட்டுரை சமூக ஊடகங்களில் எத்தனை முறை சுட்டப்பட்டது, செய்தித்தாள்கள் எத்தனை எழுதின, வலைப்பதிவுகளும் விக்கிப்பீடியாவும் எத்தனை இடத்திற் குறித்தன என்றெல்லாம் திரட்டி, ஒன்றுக்கு இத்தனை மதிப்பு என்று நிறுத்து, கூட்டி, ஒற்றை எண்ணாக்கித் தருவது இதன் தொழில். 2011இல் இலண்டனில் தொடங்கிய ஆல்ட்மெட்ரிக் நிறுவனம் அவ்வெண்ணை வண்ணவண்ண வளையமொன்றின் நடுவே பொறித்துத் தருகிறது. செய்திக்கு 8, வலைப்பதிவுக்கு 5 என்று அந்நிறுவனம் வகுத்த எடைகள் உள்ளன. செய்தி ஏன் எட்டு, ஏன் ஏழன்று என்று கேட்பார்க்கு, நிறுவனத்தின் கணிப்பு அது என்பதற்கு மேல் விடையில்லை. இன்று புகழ்பெற்ற ஆய்விதழ்களின் இணையப் பக்கங்களில், கட்டுரையின் தலைப்பருகே அவ்வளையம் மின்னுகிறது. ஆய்வாளர் தம் தன்விவரக் குறிப்பிலும் நல்கை விண்ணப்பத்திலும் அவ்வெண்ணை எடுத்தெழுதத் தொடங்கியிருக்கின்றனர். எழுதப்படும் எண் எண்ணிப் பார்க்கப்படும். எண்ணிப் பார்க்கப்படுவது நாளடைவில் விதியாகும். ஆகவே இப்போதே பேசுதல் நன்று.

விதியாகும் என்று நாம் அஞ்சுவதற்கு வரலாறு உண்டு. 1955ஆம் ஆண்டு 'சயன்சு' இதழில் யூசின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எவரெவர் மேற்கோள் காட்டினர் என்று அட்டவணையிட்டால், அக்கட்டுரையை மறுத்தவர், திருத்தியவர், வளர்த்தவர் அனைவரையும் தேடிப் படிக்க முடியும். காலாவதியான செய்தியையும் பொய்யான முடிவையும் அறியாமல் எடுத்தாளும் பிழை குறையும். இதுவே அவர் நோக்கம். 1964இல் அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. நூலகர்க்கும் ஆய்வாளர்க்கும் அது பெருந்துணை. பிறகு இதழ்களைத் தேர்ந்தெடுக்க வசதியாய்த் 'தாக்கக் காரணி' வந்தது. நூலகம் எந்த இதழை வாங்கலாம் என்று முடிவுசெய்ய உருவான அவ்வெண்ணைக் கொண்டு, அவ்விதழில் எழுதியவரைப் பணியில் அமர்த்தலாமா என்று முடிவுசெய்யும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் 'எச் குறியீடு' ஒன்றைத் தந்தார். ஒரு மனிதரின் ஆய்வு வாழ்வு முழுதும் ஓர் இரட்டை இலக்க எண்ணில் அடங்கிற்று. படிப்பதற்கு வழிகாட்டத் தோன்றிய கருவி, படிக்க வேண்டாம் என்பதற்குச் சாக்காக முடிந்தது.

மாற்று அளவைகளின் பிறப்பும் இவ்வாறே. 2010 அக்டோபரில் ஜேசன் பிரீம், டாரியோ தராபொரெல்லி, பால் குரோத், கேமரன் நெய்லன் என்னும் நால்வர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். வெளியாகும் கட்டுரைகளின் வெள்ளத்தில் எவராலும் அனைத்தையும் படித்தல் இயலாது, சல்லடை தேவை, ஒப்பாய்வும் மேற்கோளும் மெதுவானவை, குறுகியவை, அறிஞர் இணையத்தில் எதைச் சேமிக்கின்றனர், எதை விவாதிக்கின்றனர் என்பதைக் கொண்டு புதிய சல்லடை செய்யலாம் என்பது அவர்கள் வாதம். நேர்மையான வாதம். மருத்துவமனையில் நோயாளியைக் கவனிக்கும் மருத்துவர் ஆய்வைப் படித்துப் பயன்கொள்வார், மேற்கோள் காட்டமாட்டார். பள்ளி ஆசிரியர் அவ்வாறே. மேற்கோளை மட்டும் எண்ணினால் இவர்கள் கண்ணிற் படமாட்டார்கள். தாக்கக் காரணியின் கொடுங்கோன்மையால் நொந்த இளம் ஆய்வாளர் இவ்வறிக்கையை வரவேற்றதில் வியப்பில்லை. ஆயினும் ஓரிரு ஆண்டுக்குள் சல்லடை வணிகப் பொருளாயிற்று. இவ்வகை எண்களைத் தொகுத்த பிளம் அனலிட்டிக்ஸ் நிறுவனம் 2014இல் எப்சுகோவிடமும், 2017இல் எல்சவியரிடமும் கைமாறியது. ஆய்விதழ் வணிகத்தின் பேரரசுகளுள் ஒன்று எல்சவியர் என்பதை நம் வாசகர் அறிவர். தாக்கக் காரணியின் பிடியிலிருந்து விடுவிக்கப் புறப்பட்ட கருவி, இதழ் விற்போர் வீட்டிலேயே குடியேறியது.

இனிச் சான்றுகளை நோக்குவோம். 2011இல் குந்தர் ஐசன்பாக், தாம் ஆசிரியராயிருந்த மருத்துவ இணைய ஆய்விதழின் கட்டுரைகளை ஆராய்ந்து, ட்விட்டரில் மிகுதியும் பேசப்பட்டவை பின்னாளில் மிகுதியும் மேற்கோள் பெறும் வாய்ப்பு 11 மடங்கு என்று எழுதினார். இணையத்தைப் பற்றிய இதழ், இணையத்திலேயே வாழும் வாசகர், ஐம்பதை ஒட்டிய கட்டுரைகள். இவ்வளவு சிறிய நிலத்தில் விளைந்த அந்தப் '11 மடங்கு' இன்றளவும் கருத்தரங்குகளில் வலம்வருகிறது. 2014இல் இசுடெஃபனி ஹவுஸ்டைனும் உடனாய்வாளரும் 14 இலட்சம் உயிர்மருத்துவக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, ட்விட்டரில் ஒருமுறையேனும் சுட்டப்பட்டவை 10 விழுக்காட்டையும் எட்டவில்லை. ட்வீட்டுக்கும் மேற்கோளுக்கும் இடையேயான தொடர்பும் மிக மெலிது.

தொடர்பு இருப்பினும், அது காரணமா விளைவா என்று அறியச் சோதனை வேண்டும். 'சர்க்குலேசன்' என்னும் இதய மருத்துவ இதழ் 2015இல் அதைச் செய்தது. 243 கட்டுரைகளைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு பாதியைத் தன் முகநூல், ட்விட்டர் பக்கங்களில் அறிவித்தது. மறுபாதியை அறிவிக்காமல் விட்டது. முப்பது நாள் கழித்துப் பார்த்தால் இரு பகுதியையும் படிக்க வந்தோர் தொகையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2024இல் வெளியான மற்றொரு சோதனை இன்னும் கூர்மையானது. செய்தவர்கள் ட்விட்டரில் பெருங்கூட்டம் பின்தொடரும் அறிவியலாளர்கள்; தம் செல்வாக்கையே சோதனைக்கு உட்படுத்தினார்கள் என்பதற்காகவே அவர்களை வணங்கலாம். ஒரே இதழில் ஒரே திங்களில் வெளியான ஐந்து கட்டுரைகளை எடுத்து, ஒன்றைக் குலுக்கலால் தேர்ந்து அதைப் பற்றி மட்டும் பதிவிட்டனர். 11 இதழ், இதழுக்குப் பத்து முறை, ஆக 550 கட்டுரை. பதிவிட்டவுடன் அக்கட்டுரையின் பதிவிறக்கம் ஏனையவற்றைப் போல் 2.6 முதல் 3.9 மடங்காயிற்று. மூன்றாண்டு கழித்து அதன் ஆல்ட்மெட்ரிக் எண் 81 விழுக்காடு உயர்ந்திருந்தது. மேற்கோளோ, ஓர் அட்டவணைப்படி 7 விழுக்காடும் மற்றொன்றின்படி 12 விழுக்காடும் கூடியிருந்தது. புள்ளியியல் நோக்கில் தற்செயலினின்று பிரித்தறிய இயலாத உயர்வு அது. ஒருவர் நினைத்தால், ஒரு பதிவால், ஒரு கட்டுரையின் எண்ணை ஏறத்தாழ இரட்டிப்பாக்கலாம். கட்டுரையின் உள்ளே ஓர் எழுத்தும் மாறியிராது. இத்தகைய எண்ணை எப்பெயரிட்டு அழைத்தாலும் ஆய்வின் தாக்கம் என்று அழைத்தல் தகாது.

2018ஆம் ஆண்டின் இறுதியில் 'பிரித்தானிய மருத்துவ இதழ்', ஆண்டுதோறும் கிறித்துமசுக் காலத்தில் வெளியிடும் நகைச்சுவைக் கட்டுரைகளுள் ஒன்றாகப் பாராசூட் ஆய்வொன்றை வெளியிட்டது. வானூர்தியிலிருந்து குதிப்போர் சிலருக்குப் பாராசூட்டும் சிலருக்கு வெறும் முதுகுப் பையும் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. 23 பேர் குதித்தனர். உயிரிழப்பிலும் காயத்திலும் இரு பிரிவினர்க்கும் வேறுபாடே இல்லை. முடிவுரையை மட்டும் படித்தவர், பாராசூட்டால் பயனில்லை என்று அறிவித்துவிடலாம். உள்ளே சென்று படித்தவர்க்கே தெரியும், வானூர்தி தரையில் நின்றது என்பதும், குதித்த உயரம் சராசரியாக 0.6 மீட்டர் என்பதும். சோதனை முறைகளின் சடங்குக்கு உட்பட்டு நடந்தாலும் ஆய்வொன்று பொருளற்றுப் போகலாம் என்பதைக் காட்டவே இதயநோய் மருத்துவர் சிலர் இதை எழுதினர். உலகம் முழுதும் பகிர்ந்தது, சிரித்தது. நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை எண்ணிக் கூட்டினால் வரும் பெருந்தொகை, அவ்வாண்டில் உண்மையாகவே இதய நோயாளிகளின் மருந்தை மாற்றிய கட்டுரைகள் பலவற்றை எங்கோ பின்தள்ளிவிடும். எண்ணுக்கு நகைச்சுவை புரியாது.

அச்சுறுத்தலும் புரியாது. பெருந்தொற்றுக் காலத்தில் ஊடகங்களில் பேசிய 321 அறிவியலாளரிடம் 'நேச்சர்' இதழ் கேட்டறிந்து 2021இல் வெளியிட்ட செய்தியில், 15 விழுக்காட்டினர் தமக்குக் கொலை மிரட்டல் வந்ததாகக் கூறியிருந்தனர். ஓர் ஆய்வாளரை வசைபாடி, அவர் கட்டுரையின் இணைப்பையும் ஒட்டி ஒருவன் பதிவிட்டால், அவ்வசை அவருடைய 'தாக்க'க் கணக்கில் வரவாகும்! அதே ஆண்டுகளில் அதிகாரத்தின் வாயும் எண்ணைப் பெருக்கிற்று. பிரான்சின் திதியே ரவூல் குழுவினர், முடிவில் 36 நோயாளிகளை மட்டும் கணக்கிற் கொண்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவுக்கு மருந்தாகும் என்று எழுதிய கட்டுரை, இதழுக்கு அனுப்பிய மறுநாளே ஏற்கப்பட்டு, 2020 மார்ச்சில் வெளியாயிற்று. மார்ச் 21இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் அம்மருந்தைப் புகழ்ந்து, இதழின் பெயரையும் குறித்துப் பதிவிட்டார். பிறகு அக்கட்டுரைக்குக் கிடைத்த கவனத்தைச் சொல்லவேண்டியதில்லை. முறையான பெருஞ்சோதனைகள் அம்மருந்து பயனற்றது என்று காட்டிய பின்னரும், அக்கட்டுரை 2024 திசம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்ற வாயிலில் கூடிய கூட்டத்தின் தலைகளை எண்ணித் தீர்ப்பெழுதும் நடுவரை நாம் என்ன சொல்வோம்?

அளவுகோல் என்றால் அது நேற்றும் இன்றும் ஒரே நீளமுடையதாய் இருத்தல் வேண்டும். இக்கோலோ அடிக்கடி ஒடிகிறது. தொடக்க நாளில் அறிஞர் கட்டுரைகளைச் சேமித்து வைத்த கனோட்டியா தளம் 2013இல் மூடப்பட்டது. சைட்யுலைக் 2019இல் மூடப்பட்டது. கூகுள் பிளசும் அவ்வாண்டே மறைந்தது. சீனாவின் வெய்போ தளத்தைக் கணக்கெடுப்பது 2015இல் நின்றது. ட்விட்டரோ சீனத்துள் தடைசெய்யப்பட்டது. ஆக, உலகின் மிகப் பெரிய ஆய்வாளர் கூட்டங்களுள் ஒன்று தன் மக்களோடு பேசும் பேச்சு இக்கணக்கின் புறத்தே கிடக்கிறது. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை விலைக்கு வாங்கினார். 2023 பிப்ரவரியில், அதுவரை ஆய்வாளர்க்குக் கட்டணமின்றிக் கிடைத்த தரவு வாயில் அடைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கட்டுரைகளுக்கு அடையாள எண் வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பு, தன் பொதுத் தொகுப்பிலிருந்து ட்விட்டர் தரவை நீக்க நேர்ந்தது. அறிவியலாளர் பலர் மாஸ்டடான், புளூசுகை என்னும் வேறு தளங்களுக்குப் புலம்பெயர்ந்தனர். 2021இல் ஒரு கட்டுரை பெற்ற எண்ணையும் 2024இல் மற்றொன்று பெற்ற எண்ணையும் ஒப்பிடுவது எங்ஙனம்? ஒரு செல்வரின் மனமாற்றத்தால் நீளம் மாறும் கோலைக் கொண்டு பேராசிரியர் பதவி அளக்கலாகாது.

நம் மொழிக்கு இக்கோல் எட்டுவதே இல்லை என்பதையும் கருத வேண்டும். பொறி எண்ணுவது பேச்சை அன்று, இணைப்பை. கட்டுரையின் டி.ஓ.ஐ. என்னும் அடையாள எண்ணோ, இதழின் முகவரியோ பதிவில் இருந்தால் கணக்கில் ஏறும். 'ஓர் ஆய்வு கூறுகிறது' என்று தொடங்கும் தமிழ் நாளிதழ்ச் செய்தியில் அவை இருப்பது அரிது. வாட்சப் குழுவில் பகிர்வது வெளியே தெரியாது. 2025 சனவரி 23இல், சிவகளை அகழாய்விற் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்னும் ஆய்வறிக்கையை முதலமைச்சர் சென்னையில் வெளியிட்டார். அன்றும் அடுத்த பல நாளும் தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் அதே பேச்சு. தேநீர்க் கடையிலும் காணொளித் தளத்திலும் வாட்சப்பிலும் அவ்வறிக்கை பெற்ற கவனத்தின் பெரும்பகுதி எந்த வளையத்திலும் ஏறியிராது. அதற்காகத் தமிழ்ப் பேச்சையும் எண்ணுங்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. எண்ணியிருந்தால் மட்டும் என்ன தெரிந்திருக்கும்? பெருமிதம் எவ்வளவு, ஏளனம் எவ்வளவு என்று தெரிந்திருக்கும். மாதிரிகள் புளோரிடாவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சகானி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றிடங்களுக்கு ஏன் அனுப்பப்பட்டன, ஈமத் தாழியினுள் இருந்த கரித்துண்டின் காலம் அத்தாழியிலிருந்த இரும்பின் காலமாகுமா என்னும் வினாக்களுக்கு விடை, அறிக்கையைத் திறந்து படிப்பவர்க்கே கிட்டும். மகிழ்ந்து பகிர்ந்தோரும் மறுத்துப் பகிர்ந்தோரும் எத்தனை பக்கம் புரட்டினர் என்பது அவரவர் மனத்துக்குத் தெரியும்.

தாக்கம் என்றால் என்னவென்று அறிய நாம் வெகுதொலைவு செல்லவேண்டுவதில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை கூடி நிறுவியது அது. அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம்; ஓய்வு, நற்காற்று, ஊட்டமான உணவு, செவிலியர் கவனிப்பு இன்றி நோய் தீராது என்பது உலக மருத்துவத்தின் ஒருமித்த நம்பிக்கை. நோயாளரோ இலட்சக்கணக்கில், படுக்கைகள் அவர்க்குப் போதா. சென்னையின் நெரிசலான ஏழ்மைப் பகுதிகளிலிருந்து வந்த ஏறத்தாழ 200 நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறுபகுதியினரை அவரவர் குடிசையிலேயே இருக்கவிட்டும், இருவர்க்கும் ஐசோநியாசிட், பாஸ் என்னும் அதே இரு மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் குறைந்த உணவே உண்டனர், வேலைக்கும் சென்றனர். ஆண்டிறுதியில் இரு பகுதியினரும் ஒப்பக் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தவரின் குடும்பத்தார்க்கு நோய் தொற்றும் இடர் கூடவில்லை என்பதும் தொடர்ந்து நடந்த கண்காணிப்பில் தெளிந்தது.

1959இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் செய்தியிதழில் வெளியான அந்த ஆய்வைத் தொடர்ந்து, உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டன. மருந்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் கொள்கை ஏழை நாடுகளின் காசநோய்த் திட்டங்களுக்கு அடித்தளமாயிற்று. சேத்துப்பட்டில் இன்றும் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அம்மையத்தின் வழிவந்தது. அக்கட்டுரையை எடுத்துப் படிப்பவர்க்கு அட்டவணைகளும் எக்சுகதிர்ப் படங்களைத் தரம்பிரித்த முறைகளுமே கிட்டும். பகிரத்தூண்டும் தொடர் ஒன்றும் கிட்டாது. அதனால் உயிர்பிழைத்தோர் அதன் பெயரையும் அறியார். அதைப் படித்தவர்கள் நலத்துறை அலுவலர்கள், மருத்துவத் திட்டம் வகுத்தவர்கள், தொகையிற் சிலர். அச்சிலரின் மேசையில் அது செய்த வேலைதான் தாக்கம்.

இனி நம் நாட்டு நிலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையில் ஓர் அட்டவணை உண்டு. ஆசிரியர் எழுதிய கட்டுரை தாக்கக் காரணி இல்லாத ஒப்பாய்வு இதழில் வந்திருந்தால் கூடுதலாக 5 மதிப்பெண். காரணி ஒன்றுக்குக் கீழென்றால் 10. இப்படியே ஏறி, பத்துக்கு மேலென்றால் 30. கல்வெட்டு ஆராயும் தமிழறிஞர் எழுதும் இதழுக்கு அக்காரணி என்று ஒன்று இருப்பதில்லை. கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அட்டவணை கேட்பதில்லை. இத்தகைய எண்கள் ஆட்சிசெய்யும் இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் வெளியூர்ச் சான்று தேடவேண்டுவதில்லை. சென்னைப் பகுதியின் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் கட்டுரைகள் தம் கல்லூரிக் கட்டுரைகளையே அளவிறந்து மேற்கோள் காட்டுவதையும், அதனாற் கல்லூரி தரவரிசையில் உயர்ந்ததா என்னும் ஐயத்தையும் 2023இல் 'சயன்சு' இதழ் உலகறிய எழுதியது. மேற்கோளைப் பெருக்கவாவது கட்டுரையொன்று எழுத வேண்டும். பகிர்வைப் பெருக்க அதுவும் வேண்டா. தானியங்கிக் கணக்குகள் கட்டுரைகளைப் பகிர்ந்துகொண்டேயிருப்பதை ஆராய்ந்தோர் பல ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டனர். பின்தொடர்வோரை விலைக்கு விற்கும் கடைகள் எங்கும் உண்டு.

உலகில் மாற்று இல்லாமலில்லை. 2012இல் சான் பிரான்சிசுகோவில் கூடிய உயிரணுவியல் அறிஞரும் இதழாசிரியரும் வெளியிட்ட 'டோரா' அறிவிப்பு, இதழின் காரணியைக் கொண்டு ஆளை மதிப்பிடுதலைக் கைவிடச் சொன்னது. 2015இன் லைடன் அறிக்கை, எண் வல்லுநரின் தீர்ப்புக்குத் துணைநிற்கலாம், மாற்றாகலாகாது என்றது. பிரித்தானியா 2014ஆம் ஆண்டின் தன் பல்கலைக்கழக மதிப்பீட்டில் சமூகத் தாக்கத்துக்கு 20 விழுக்காடு ஒதுக்கி, 2021இல் அதை 25 ஆக்கியது. ஆனால் எண்ணைக் கேட்கவில்லை. ஆய்வால் எவர் வாழ்வில் என்ன மாறிற்று என்று சான்றுடன் எழுதித் தரச் சொன்னது. 2014இல் வந்த ஏறத்தாழ 7,000 விளக்கங்களை அறிஞரும் ஆய்வின் பயனாளரும் அடங்கிய குழுக்கள் உட்கார்ந்து படித்தன. செலவு மிக்க முறை, அலுப்பூட்டும் முறை, கதைகட்டுவோர்க்கு இடந்தரும் முறை என்றெல்லாம் அங்கே குறைகூறல் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை மெய்யே. இருந்தும் அங்கே படிப்பு நடந்தது.

மாற்று அளவைகளை முற்றும் துரத்தவேண்டும் என்பது நம் வழக்கன்று. ஓர் ஆய்வை எவர் பேசுகின்றனர், எதற்குப் பேசுகின்றனர் என்று ஆய்வாளர் அறிந்துகொள்ள அவை உதவும். அரசுக் கொள்கை ஆவணங்களில் ஆய்வு எடுத்தாளப்படுவதைத் தேடித் தரும் கருவிகள் சிறப்பாகப் பயன்படும். வளையத்தைச் சொடுக்கி உள்ளே சென்று மறுப்பையும் பாராட்டையும் படிப்பவர்க்கு அது நல்ல வாயில். நாம் மறுப்பது நடுவிலுள்ள எண்ணை மட்டும் பெயர்த்தெடுத்துத் தேர்வுக்குழுவின் மேசையில் வைப்பதை.

இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 சனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிமுறை, பழைய மதிப்பெண் அட்டவணையைக் கைவிட்டு, ஒன்பது வகையான குறிப்பிடத்தக்க பங்களிப்புகளைத் தேர்வுக்குழு ஆராயட்டும் என்றது. துணைவேந்தர் நியமனத்தில் மாநில உரிமையைப் பறிப்பதால் அவ்வரைவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது, அவ்வெதிர்ப்பு முறையானதே. அப்போரின் புழுதியில் அட்டவணையைப் பற்றிய பகுதி பலர் கண்ணுக்குத் தப்பிற்று. அட்டவணை போவது நன்று. ஆனால் பங்களிப்பு குறிப்பிடத்தக்கதா என்று காட்டச் சொன்னால், விண்ணப்பதாரர் வளையத்தின் படத்தை ஒட்டித் தருவார். முந்நூறு விண்ணப்பங்களை ஒரு பிற்பகலில் முடிக்க வேண்டிய குழு அதை நன்றியோடு ஏற்றுக்கொள்ளும். தாக்கக் காரணி வெளியேறிய வாயில் வழியாகவே பகிர்வெண் உள்ளே வந்துவிடும்.

இதைத் தடுக்க விதியில் மூன்றே வரி போதும். விண்ணப்பிப்பவர் தம் கட்டுரைகளுள் மூன்றை மட்டும் தேர்ந்து முழுமையாகத் தரவேண்டும். குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவரும் அவற்றைப் படித்து, கண்ட நிறைகுறைகளை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அக்குறிப்புகள் விண்ணப்பித்தவர் கேட்டால் அவர்க்குக் காட்டப்பட வேண்டும். படிப்பதற்கு நாள் ஒதுக்கி, உறுப்பினர்க்கு அதற்குரிய மதிப்பூதியமும் வழங்கட்டும். மைய அரசு இதைச் செய்யும்வரை தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. தம் ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் வழி இவ்வாண்டே தொடங்கலாம்.